நாலு ஊர்ப் பூனைகள்

தூங்க வேண்டிய பூனை விழித்திருந்தது.

முனீஸ் சாம்பிள் சட்டையை மேசைமேல் விரித்துப் பார்த்தான். குழந்தைகள் சட்டைக்கு வந்த ஆர்டர். நாலு ஊர்க் கலையிலிருந்து நாலு பூனை. காதில் பொன்வளையம் மாட்டிய எகிப்துச் சிலை. இறாலைக் கவ்விய கல்கத்தா ஓவியம். சுருண்டு தூங்கும் ஜப்பான் மரச்சிற்பம். பின்னங்காலில் நின்று, கைகளை உயர்த்தித் தவம் செய்யும் மாமல்லபுரத்துப் பூனை. அதன் காலடியில் எலிகள். அவனே வரைந்து, அச்சுக்காக நிறத்துக்கொரு பிலிமாகப் பிரித்தவை.

"ஏனுங்க முனீஸு, தூங்கற பூனைக்குக் கண்ணத் தொறந்து உட்டுட்டீங்க?" அச்சடிக்கும் முருகேஷ் சிரித்தார். "உங்களாட்டவே தூக்கமில்லாமக் கெடக்குது பாருங்க."

"நான் வரையல அண்ணாச்சி."

கருப்புக் கோடுகளை அச்சடிக்கும் ஸ்கிரீன் சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அதில் அந்தக் கண் இல்லை.

முருகேஷ் சாப்பிடக் கிளம்பினார். ஞாயிறு மதியம், பட்டறையில் வேறு யாருமில்லை. மனைவி ஆஷா இறந்து எட்டு மாதம். மகள் அனுவை வீட்டில் விட ஆளில்லாமல் கூடவே கூட்டி வருகிறான். ஐந்து வயதுச் சட்டைகளை அவளுக்கே போட்டுப் படமெடுத்து, ஆர்டர் கொடுத்த பையருக்கு அனுப்பிவிடுவான். கண்ணைப் பற்றி யோசிக்க அலுப்பாக இருந்தது. சட்டையை மாட்டிவிட்டான்.

"அப்பா, இது எதுக்குக் கையத் தூக்கிக்கிட்டு நிக்கு?"

"தவம் பண்ணுது."

"எதுக்கு?"

"எலியெல்லாம் நம்பிக் கிட்ட வரணும்லா."

"வந்துட்டா?"

அவன் படமெடுத்தான். அவள் வெட்டுத்துணிக் குவியலில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

சாயத்தின் காந்தல் வாடை சூடேறிய துணியின் வாசத்தோடு கலந்து மூக்கில் ஏறியது. பக்கத்துப் பட்டறையின் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய, மின்விசிறியின் கிறீச்சுக்கு அடியில் வேறொரு ஒலி, தொண்டைக்குள் உருள்வது போலத் தாழ்வாக, விட்டுவிட்டுக் கேட்டது. மோட்டாராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

போனில் படத்தைப் பெரிதாக்கினான். நேரே பார்த்திருந்த எகிப்துப் பூனை இப்போது மேலே பார்த்தது. கல்கத்தாப் பூனையும். நாலும். அனுவின் கழுத்தை.

சட்டையைக் கழற்ற வேண்டும். ஓடினான்.

"அனு."

உருளும் ஒலி நின்றது.

குவியலின் மேல் சட்டை மட்டும் கிடந்தது. கைகள் விரிந்து. தொட்டான். வெதுவெதுப்பு.

சட்டையில் எலிகளுக்கு நடுவே, அவன் வரையாத ஒரு சின்னப் பெண். முதுகு காட்டி. கைகூப்பி.

பூனை தூக்கிய கைகளை இறக்கி, அவள் தோள்மேல் வைத்திருந்தது.