ஆறு கற்களின் மினுக்கம்

நேற்று மாலை தேய்த்து மங்கலாக்கிய தரை இன்று காலையில் மினுங்கிக்கொண்டிருந்தது. முழுத் தரையும் அல்ல. குளியலறைக் கதவுக்கும் ஹாலுக்கும் நடுவே ஆறு கற்கள் மட்டும். மற்ற இடமெல்லாம் சாம்பல் பூத்தாற்போல் கிடக்க, அந்த ஆறு கற்களில் ஜன்னல் கம்பிகள் தலைகீழாகத் துல்லியமாகத் தெரிந்தன.

புவனேஸ்வரன் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டான். ஈரமில்லை. எண்ணெய்ப் பசையும் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் மனைவி காமினி விழுந்த இடம் அது.

டத்தோ கிராமாட் சாலைக்குப் பின்னால் இருந்த இந்தப் பழைய தொடர் வீட்டை அவன் வாங்கியதே பூப்போட்ட சிமெண்டுக் கற்களுக்காகத்தான். தரை வேலை செய்யும் ஜாஹிர், மினுக்கம் ஏற்ற வேண்டாம், மழைக்குப் பழைய கல் வேர்க்கும், வழுக்கும் என்று அப்போதே சொன்னார். அவன் கேட்கவில்லை. முகம் தெரிய வேண்டும் என்றான். தெரிந்தது.

மூன்று மாதக் குழந்தையைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றித் தூக்கிவந்த காமினி வழுக்கினாள். ஒரு கையை ஊன்றியிருந்தால் மணிக்கட்டு உடைந்திருக்கும், அவ்வளவுதான். அவள் ஊன்றவில்லை. இரண்டு கைகளாலும் குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடியே பின்மண்டை அடிபட விழுந்தாள். நிவேஷாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உயிர் போன பிறகும் அந்தக் கைகளிலிருந்து குழந்தையை எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

விதி என்று சொன்னவர்கள் வாயில் அறையலாம் போலிருந்தது அவனுக்கு. கையை ஊன்றாமல் போன அவள் மேலும் கோபம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஏழு மாதமாகக் குழந்தை காமினியின் அக்கா சந்திரிகாவிடம், தாசேக் கெலுகோரில் வளர்ந்தது. இன்று நான்கு மணிக்குக் கொண்டுவருகிறாள். தரை சொரசொரப்பாக இருந்தால்தான் குழந்தையை விட்டுப்போவேன் என்று சொல்லியிருந்தாள்.

ஒன்பது மணிக்கு வந்த ஜாஹிர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"அலாமா! யாரு பாஸ் இதுல பாலிஷ் போட்டது?"

"நீங்கதான் சொல்லணும்."

"நானா? நேத்து பாலிஷ உரிச்சேன், நீங்களும்தான் பக்கத்துல நின்னு பார்த்தீங்க. இவ்ளோ மினுக்கம் வரணும்னா ரெண்டு நாள் வேலை லா. ஓசியில செஞ்சிட்டுப் போற ஆள எனக்கும் காட்டுங்க, வேலைக்கு வெச்சுக்கறேன்." சிரித்தவர், எந்த இடம் என்பது உறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

"உரிக்கத் துப்பில்ல, ஜோக் வேறயா?"

"தம்பி, நான் அப்படி நெனச்சு..."

"மெசினப் போடுங்கண்ணே."

ஒரு மணி நேரம் மெசின் உறுமியது. சாம்பல் நிறக் குழம்பை வழித்து, துடைத்து, காற்றாடியால் உலர்த்தினார்கள். ஆறு கற்களும் செத்த நிறத்துக்கு வந்தன. மெசினை நிறுத்தியதும் வீடு சட்டென்று அமைதியானது. அந்த அமைதிக்குள் துணியால் தரையைத் துடைப்பதுபோல ஒரு மெல்லிய சத்தம், சற்று நின்று, மறுபடியும், அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் காலடிக்கு நேர் கீழிருந்து வந்தது.

மங்கிய கல்லின் மேல் ஒரு வளைவு பளபளத்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. உள்ளங்கை அகலம்.

ஜாஹிர் பின்வாங்கினார். "எடுத்திருங்க தம்பி. உடைச்சு வெளிய போட்டிருங்க. நான் இனி தொட மாட்டேன்." மெசினை எடுக்கக்கூட அவர் திரும்பி வரவில்லை.

அவன் உடைத்தான். சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினான். கல்லை, ஜாஹிரை, மழையை, கடைசியில் அவளை. துண்டுகளைப் பின்கட்டில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தபோது, பள்ளத்தில் தெரிந்த பழைய சுண்ணாம்பும் கறுத்து, தண்ணீர்போல் மினுங்கியது. குழந்தை சோப்பு வாசனை அடித்தது. அதோடு வெந்நீரின் ஆவி, நனைந்த துண்டு, பால் கக்கிய துணி, ஏழு மாதமாக இந்த வீட்டில் இல்லாத வாசனைகள் எல்லாம் அந்தப் பள்ளத்திலிருந்து மெல்ல எழுந்து ஹாலை நிறைத்தன.

மூன்றே முக்கால். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பள்ளத்தின் மேல் பலகையைப் போட்டான். பலகை மேல் குழந்தை விளையாடும் ரப்பர் பாயை விரித்தான். சந்திரிகாவுக்கு ஃபோன் செய்து வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஃபோன் கையில்தான் இருந்தது.

ஏழு மாதம். இன்னொரு நாள்கூட முடியாது.

சந்திரிகா குழந்தையை இடுப்பில் வைத்தபடி காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள். "நல்லா சொரசொரன்னு இருக்கு தம்பி. வழுக்கியிருந்தா அப்படியே காடியில திருப்பிக் கொண்டு போயிருப்பேன். அங்க ஏன் பாய் போட்டிருக்கே?"

"ரெண்டு கல்லு உடைஞ்சிருச்சுக்கா. நாளைக்கு மாத்திருவாங்க."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லக்கா."

நிவேஷாவைத் தரையில் உட்கார்த்தி அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "அப்பாவப் பாருடி, தாடி வெச்சுக்கிட்டுக் கரடி மாதிரி. பைய எடுத்துட்டு வந்திர்றேன்."

அவள் காருக்குப் போனாள்.

மழை பிடித்தது. குழந்தை அவனைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தது. தவழ்ந்தது.

"நிவேஷா, இங்க வாம்மா."

பாயின் விளிம்பிலிருந்து மினுக்கம் கசிந்தது. ஒரு கல். அடுத்த கல். குழந்தையை எதிர்கொள்ள வருவதுபோல்.

அவன் ஓடினான். தரை வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டான். குழந்தை பளபளத்த கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துச் சிரித்தது. கீழிருந்து ஒரு கை அந்தக் கைக்கு நேராக விரிந்தது. பெரிய கை.

அள்ளித் தூக்கினான். நெஞ்சோடு இறுக்கினான். கிடைத்துவிட்டாள். கனம் இருந்தது. அவனுக்கு மூச்சு வாங்கியது.

சிரிப்பு நிற்கவில்லை.

அது அவன் தோளிலிருந்து வரவில்லை.

குனிந்து பார்த்தான். தரைக்குள் அவன் தலைகீழாக நின்றான். கைகளை நெஞ்சோடு மடித்து, இறுக்கி, எதையோ அணைத்திருப்பவன்போல. அணைப்பில் ஒன்றும் இல்லை.

வாசலில் பை விழுந்தது.

"தம்பி." சந்திரிகா அவன் கைகளைப் பார்த்தாள். "குழந்தை எங்க?"

அவன் தன் கைகளைப் பார்க்கவில்லை. கைகளில் கனம் இன்னும் இருந்தது. அது குளிர்ந்துகொண்டிருந்தது. தரைக்குள் ஈரக்கூந்தலோடு ஒருத்தி முதுகைக் காட்டி நடந்து போனாள், நிதானமாக, ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்து. அவள் தோளுக்கு மேலாக நிவேஷாவின் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டே அவனுக்கு டாட்டா காட்டியது.