கழுவிப்போன பெயர்

ஹில்கேயின் ஊர்க்காரர்களுக்குக் கழுவுவதென்றால் அப்படியொரு ஆசை. வாசற்படி, ஜன்னல், பால் கேன், கடைசியில் மாட்டு வாலைக்கூட விடமாட்டார்கள். மே நான்காம் தேதி என்றால் கேட்கவே வேண்டாம்.

போரில் இறந்தவர்களை நினைவுகூரும் அந்த நாளின் மாலையில், ஊர்க்கோடி மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் வெள்ளைக் கல்லின் முன்னால் எல்லோரும் கூடுவார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்பு நடந்த போரில், இவர்கள் நாடான நெதர்லாந்தை எதிரியிடமிருந்து மீட்கப் பறந்த குண்டுவீச்சு விமானம் ஒன்று அங்கேதான் விழுந்தது. அதில் வந்து இறந்துபோன ஏழு கனடாக்காரர்களின் பெயர்களையும் அந்தக் கல்லில் செதுக்கி, கறுப்பு பெயின்ட் பூசியிருந்தார்கள்.

கல்லைப் பார்த்துக்கொள்வது ஆறாம் வகுப்பின் பொறுப்பு. ஏழு பிள்ளைகள் ஆளுக்கொரு பெயரைச் சுத்தம் செய்து, மாலையில் உரக்க வாசிக்க வேண்டும். ஹில்கேக்கு ஐந்தாவது பெயர். வால்டர் டென்னன்ட்.

"இந்த வருஷம் அவரோட பொண்ணே கனடாவுலேர்ந்து வர்றாங்க. அவங்க பொறக்கறதுக்கு முன்னாடியே அப்பா போயிட்டாராம்" என்று டவ்வே சார் காலையில் சொல்லியிருந்தார்.

சும்மா இருப்பாளா ஹில்கே? அப்பா படகு தேய்க்கும் கம்பி பிரஷ்ஷை எடுத்துவந்து, சோப்பு போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள்.

மற்றவர்கள் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆறாவது பெயரைத் துடைத்துக்கொண்டிருந்த யெல்லே மட்டும் எட்டிப் பார்த்தான்.

"ஏய், எங்கடி பேரு?"

பாசியோடு பெயின்ட்டும் போயிருந்தது. வாளித் தண்ணீர் கறுப்பாக இருந்தது.

"பாசியைக் கழுவச் சொன்னா ஆளையே கழுவிட்டியே. ஊரு உன்னைப் பார்த்துக் கத்துக்கணும்."

ஹில்கேக்குக் கண் கலங்கிவிட்டது. "அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்கடா. அவங்க அப்பா பேரு மட்டும் இல்லன்னா எப்படி இருக்கும்?"

"சரி, அழாத. உங்க படகுக்கு அடிக்கிற கறுப்பு பெயின்ட் இருக்குல்ல? ஓடிப்போய் எடுத்துட்டு வா. பூசிட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

ஹில்கே ஓடினாள். டப்பாவும் சின்ன பிரஷ்ஷுமாக அவள் திரும்பி வந்தபோது, நீலக் கோட்டு போட்ட பெண் ஒருவரோடு டவ்வே சார் கல்லருகே நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் மேலிருந்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். நாலாவதோடு நின்றார். திரும்பவும் மேலிருந்து தொடங்கினார். யெல்லே வானத்தைப் பார்த்தான்.

"சார், நான்தான் தேய்ச்சு அழிச்சிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள் ஹில்கே. "பளிச்சுன்னு இருக்கணும்னுதான்..."

சார் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பெண் ஈரப் புல்லில் மண்டியிட்டு, கல்லை விரலால் தடவினார். செதுக்கிய எழுத்துகள் அப்படியேதான் இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்ன சார் சொல்றாங்க? கோவமா?"

"இல்லம்மா. 'கல்லைக் கழுவறதும் நீங்க, பூ வைக்கிறதும் நீங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. ஆனா எங்க அப்பாவுக்கு நான் ஒரு கப் காபிகூடப் போட்டுக் குடுத்ததில்ல'ங்கறாங்க."

ஹில்கே கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தாள். அதை அந்தப் பெண்ணிடம் நீட்டினாள்.

"அப்போ இதை அவங்களே பண்ணட்டும் சார்."

இதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஹில்கே டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். யெல்லே தன் கோட்டை விரித்துக் காற்றை மறைத்தான். அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாக, அவசரமே இல்லாமல் பூசினார்.

மாலையில் ஊரே வந்திருந்தது. இரண்டு நிமிஷ மௌனம் முடிந்து, பிள்ளைகள் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்கள். நாலாவது பெயர் முடிந்தது. அடுத்தது ஹில்கேயின் முறை.

அவள் வாசிக்கவில்லை. கூட்டத்துக்குள் போய், நீலக் கோட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து முன்னால் அழைத்துவந்தாள்.

"வால்டர் டென்னன்ட்" என்று அவர் உரக்க வாசித்தார்.

பிறகு, பிறந்ததிலிருந்து யாரையும் கூப்பிட்டிராத ஒரு சொல்லைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அப்பா."