கூலிக்கு நீட்டிய கை

“ஜோடி இல்லாம வேலை கெடையாது… அங்கிட்டுப் போ!”

முதுகைக் காட்டிக்கொண்டே விரட்டினான் மேஸ்திரி ஆவுடையப்பன். அரிமளம் கண்மாயில் தூர் வாரும் வேலை. ஆண் மண் வெட்டவேண்டும், பெண் சுமக்கவேண்டும். கூட ஆள் இல்லாத பெண்ணுக்கு வேலை இல்லை.

“அப்போ நீங்களே வெட்டுங்க!”

திரும்பினான். அமிர்தவல்லிக்குத் திக்கென்றது… இந்தச் சிடுமூஞ்சிக்கா இவ்வளவு அழகான கண்கள்!

அவள் சென்னையில் பொருளாதாரம் படித்தவள். பெண்களின் உழைப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாள். சுமக்காமல் எப்படி எழுதுவது? ஆராய்ச்சியை விட்டால்தான் கல்யாணம் என்று பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். போங்களேன் என்றுவிட்டாள்.

வேறு வழியில்லாமல் மண்வெட்டியை எடுத்தான் அவன். மழை தூறியது.

“நெறச்சுப் போடுங்க. ஏன் பாதிக் கூடை?”

“கழுத்து வலிக்குமேன்னு பாத்தேங்க…”

“மத்தப் பொண்ணுங்க கழுத்து மட்டும் கல்லா?”

கூடை நிறைய அள்ளிப் போட்டான். சாயங்காலம் ஜோடிக் கூலியை வழக்கம்போல் ஆண்கள் கையில் கொடுத்தான். கடைசியில் பழக்கதோஷம்… அவள் கூலியையும் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்!

அமிர்தவல்லி கையை நீட்டினாள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது.

“ஒரு நாள் சொமந்துட்டு வழக்கத்தை மாத்த வந்துட்டீங்களோ!”

கூலியை அவள் கையில் வைத்துவிட்டு விடுவிடுவென்று போய்விட்டான். திமிர் பிடித்தவன்! இவனை நினைத்து நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

இரண்டு நாள் கழித்து ஊர் திரும்பப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கொட்டுகிற மழையில் ஓடிவந்தான் ஆவுடையப்பன்.

“நேத்து பொம்பளையாளுங்க கூலிய அவங்க கையிலயே குடுத்தேங்க… இன்னைக்குக் கண்ட்ராக்டர் என்னை வேலைய விட்டு நிறுத்திட்டாரு.” சொல்லிவிட்டுச் சிரித்தான்!

“ஐயோ… என்னாலதானே?”

“இல்லைங்க. நீங்க கைய நீட்டவும் வெக்கமாப் போச்சு. ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல.”

“வெட்கத்தினால மட்டும்தானா?”

“…இல்லைங்க.”

இவனும் ஆராய்ச்சியை விடச் சொல்லிவிடுவானோ?

“நான் ஊர் ஊராப் போவேன். ஆராய்ச்சியை விடவே மாட்டேன்.”

“விட்டுட்டு வந்தா… எனக்கு ஒங்கள அடையாளமே தெரியாதுங்க.”

டிரைவர் ஹாரனை அமுக்கினார். அமிர்தவல்லி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மழைக்கு மேல் கத்தினாள்.

“எங்கப்பாகிட்ட வந்து பேசுங்க… எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டுமே!