வடக்குச் சுவர்

புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்த மூன்று சுவர்கள் காய்ந்துவிட்டன. வடக்குச் சுவர் மட்டும் காயவில்லை.

ஐப்பசி ஈரம் என்றான் கணவன் ஏகாம்பரநாதன். தனத்துக்கு அப்படித் தோன்றவில்லை. மற்ற மூன்றும் மலைமேல் இறங்கும் மேகத்தின் சாம்பல் நிறம். இதுவும் அதே சாம்பல்தான், ஆனால் உள்ளே எங்கோ ஒரு பழுப்பு ஓடியது, கிட்டே போனால் சுண்ணாம்பு வாசனைக்கு அடியில் கருகிய நல்லெண்ணெய் வாடை அடித்தது. செங்கம் ரோட்டில் போகும் பஸ்ஸின் இரைச்சல் மூன்று சுவர்களில் பட்டுத் திரும்பியது. இந்தச் சுவரிடம் போனது திரும்பவே இல்லை.

"ரெண்டும் வேற கலரு," என்றாள்.

"புள்ளத்தாச்சிக்கு எல்லாம் ரெண்டாத்தான் தெரியும்," என்று சிரித்தான் கணவன்.

எட்டு மாதம். இந்த அறையில்தான் பிரசவம். அவனுடைய முதல் மனைவி அபீதகுஜாம்பாள், பிள்ளை வெளியே வராமலே செத்ததும் இதே அறையில்தான். பழைய கறையெல்லாம் மறையட்டும் என்று சண்டை போட்டுச் சாம்பல் நிறம் கேட்டவள் தனம்.

சுண்ணாம்பு அடித்துவிட்டு, ஏணியை எடுத்துப்போக வந்த சர்தாரை மறித்தாள். "பாய், ரெண்டு கலரா அடிச்சீங்க?"

"மூணு செவுத்துக்குக் கடையில வாங்கின கரியச் சுண்ணாம்புல கலந்தேம்மா. நாலாவதுக்குக் கம்மியாப் போச்சு. ஐயாதான் அந்த மாடத்துல இருந்த கரியச் சொரண்டிக் குடுத்தாரு."

அபீதகுஜாம்பாளுக்காகப் பதினாறு நாள் விளக்கு எரிந்த மாடம்.

முதல் முறையாகக் கணவனை 'நீ' என்றாள். "நீயெல்லாம் மனுசனா? கடை வரைக்கும் நடந்தா காலு தேஞ்சிடுமா? செத்தவ வெளக்குக் கரியப் பூசியா என்னைப் படுக்க வெச்ச?"

"கரியில என்னடி செத்தவ கரி, இருக்கறவ கரின்னு?" சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். சர்தாரும் ஏணியோடு நழுவினான்.

தோசைத் திருப்பியை எடுத்து வந்து சுரண்டினாள். சுண்ணாம்பு உதிரவில்லை. தோல் மாதிரி உரிந்தது. அடியிலும் அதே சாம்பல். அதற்கடியிலும்.

"போடி! இது என் அறைடி!"

ஓங்கி அறைந்தாள். உள்ளங்கை ஒட்டிக்கொண்டது. சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

காலையிலிருந்து ஓயாமல் வயிற்றில் உதைத்த பிள்ளை ஓய்ந்தது.

மற்றக் கையால் வயிற்றைத் தட்டினாள். அசைவில்லை. அழுத்தினாள். இல்லை.

சுவரோடு ஒட்டிய உள்ளங்கைக்கு அடியில், மெல்ல, ஒரு உதை.

சின்னக் குதிகால்.