கடைத் தோட்டா

தோட்டா அடைக்கும் அழுத்துப்பொறியின் கைப்பிடி கீழே இறங்கியிருந்தது. வேலை முடிந்தால் ஆரின் அதை மேலே தூக்கி வைத்துவிட்டுத்தான் ஷெட்டைப் பூட்டுவார். கீழே இறக்கிவிடுவது அவர் மனைவி லோர்னாவின் பழக்கம். லோர்னா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆரின் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பயம் வரவில்லை. அவள் போனதிலிருந்து எதுவுமே உருப்படியாக வருவதில்லை, அழுகைகூட. பிடியைத் தூக்கிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மொன்டானா மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. விறகடுப்பின் சூடும், எண்ணெய் மணமும், கூரையில் உரசும் பைன் கிளையின் சத்தமும் எப்போதும் போலத்தான் இருந்தன. மகள் கெல்சி இன்று வேட்டை முகாமுக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். கரடி நடமாடும் காடு. இடுப்பில் அம்மாவின் மேக்னம் ரிவால்வர் இருக்கும், அதற்குத் தோட்டா வேண்டும். பித்தளை உறைகளைத் துளைப்பலகையில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் வெடிமருந்தைக் கொட்டி, டார்ச் அடித்து எட்டிப் பார்த்தார். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டம். அதற்குப் பிறகுதான் குண்டுகளை வைத்து அழுத்தினார்.

வீட்டுக்கு வெளியே யாரும் அடைத்த தோட்டாவைச் சுடுவதில்லை என்பது இங்கே எழுதாத சட்டம்; கடையில் வாங்குவது கேவலம். ஒரே மேஜையில் இரண்டு பேர் அடைத்த வீடு இது. கலந்துவிடக்கூடாது என்று லோர்னா தன் தோட்டாவின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்பு வளையம் போடுவாள். போன இலையுதிர் காலத்தில் ஓடைக்கரையில் கரடி வந்தபோது அவள் சுட்ட தோட்டாவிலும் அந்த வளையம் இருந்தது. உள்ளே மருந்து மட்டும் இல்லை. குண்டு உருளைக்கும் குழலுக்கும் நடுவில் சிக்கிக்கொள்ள, ரிவால்வரின் உருளை சுற்றாமல் இறுகிவிட்டது; கரடி அவளை விடவில்லை. ஊசி விழுந்தாலும் கண்டுபிடிக்கிறவள் அதை எப்படித் தவறவிட்டாள் என்று யோசித்து யோசித்து, ஒரு கட்டத்தில் ஆரின் யோசிப்பதையே விட்டுவிட்டார்.

முடித்த தோட்டாக்களைப் பெட்டியில் அடுக்க ஒன்றைத் தலைகீழாகத் திருப்பினார். சிவப்பு வளையம். தொட்டார், கட்டைவிரலில் ஒட்டியது. இன்னும் காயவில்லை.

தராசில் வைத்தார். எடை குறைவாக இருந்தது. உடைத்துப் பார்த்தார். குண்டு விழுந்தது. வேறு எதுவும் விழவில்லை.

அடுத்தது. சிவப்பு. அதற்கடுத்தது. சிவப்பு. எல்லாமே.

மொத்தத்தையும் வாளியில் கொட்டினார்.

"என்னப்பா, இன்னும் முடியலையா?" கெல்சி கதவில் சாய்ந்து நின்றாள். மூக்கைச் சுளித்தாள். "யாரு இங்க நெயில் பாலிஷ் போட்டது?"

"துப்பாக்கியக் குடு."

"லோட் பண்ணியாச்சுப்பா. நீங்கதானே சமையல் மேஜைல தோட்டாவ வெச்சிருந்தீங்க?"

அவர் எதையும் வைக்கவில்லை. வாங்கித் திறந்தார். ஆறு குழியிலும் ஆறு சிவப்பு வளையங்கள் ஈரமாக மின்னின. உதறி வாளியில் போட்டார். பக்கத்துப் பண்ணைக்காரர் கிண்டலுக்காகக் கொடுத்த கடைத் தோட்டாப் பெட்டி அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது. வெள்ளி நிற உறை. ஒவ்வொன்றாக எடுத்து, அடியைப் பார்த்து, தன் கையாலேயே ஆறையும் போட்டு மூடினார்.

"கடைத் தோட்டாவா? முகாம்ல பாத்தா மானம் போயிடும்பா."

"போகட்டும்."

"அம்மா இருந்திருந்தா ஒரு வாரம் உங்ககூடப் பேசியிருக்கமாட்டாங்க."

"வழில எதுக்கும் நிக்காத கண்ணு. நேரா போ."

அவள் அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டில் இருந்த ஒரே வண்டி மேட்டைத் தாண்டியது, பின்விளக்கு பைன் மரங்களுக்குள் மறைந்தது. அந்த மலையில் போன் எடுக்காது. இந்த ஒரு வருஷத்தில் முதல் முறையாக ஆரினுக்கு நெஞ்சு லேசாக இருந்தது. பசிக்கிற மாதிரிகூட இருந்தது. அடுப்பை அணைக்க ஷெட்டுக்குத் திரும்பினார்.

கைப்பிடி கீழே இறங்கியிருந்தது.

அவர் காலி செய்த துளைப்பலகை காலியாக இல்லை. முதல் வரிசையில் ஆறு தோட்டாக்கள். வெள்ளி நிறம், அவர் ரிவால்வரில் போட்டு மூடிய அதே ஆறு. மூக்கு மேலே பார்த்து, வரிசை பிசகாமல்.

பக்கத்தில் மூடி திறந்த நெயில் பாலிஷ் புட்டி. அதன் மேல் குறுக்கே வைத்திருந்த சின்னத் தூரிகையின் நுனியில் ஒரு சிவப்புச் சொட்டு, இன்னும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.