ஆளில்லாத ஷாட்

ப்ளேட் ஃபோல்டரில் ஒரு ஷாட் கூடுதலாக இருந்தது.

ரப்பர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடிட்டிங் அறையில் மதியம் என்பது பெயருக்குத்தான். கறுப்புத் துணி ஒட்டிய சுவரும், ஏசியின் இரைச்சலும், சூடேறிய கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் வாடையுமாக, வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே எப்போதும் ஒரே இருட்டு. முதுகலைப் படிப்பின் கடைசிப் படம் மாலையில் தேர்வாளர்கள் முன்னால் ஓடவேண்டும். அவசரத்தில் வகுப்பில் யாராவது எதையாவது இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

ப்ளேட் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு காட்சியை எடுத்து முடித்ததும், கேமராவை அசைக்காமல், எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, அதே இடத்தை வெறுமையாக இன்னொரு முறை எடுத்து வைப்பார்கள். படத்தில் வேண்டாத ஆள் யாராவது இருந்தால் அவர் மேல் அந்த வெறும் இடத்தை எடுத்து ஒட்டிவிடலாம். ஆளை அழிக்கத்தான் ப்ளேட். அந்த வேலையில் இவனை அடித்துக்கொள்ள வகுப்பில் ஆளில்லை. அதனால்தான் ரப்பர் என்று பட்டம் கட்டினார்கள்.

கெட்டிக்காரன்தான், யார் இல்லையென்றது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு ஒரு செமஸ்டர் முழுக்கத் தாங்கியது.

படத்தின் கடைசிக் காட்சியை ஒரு பழைய கிடங்கில் எடுத்தார்கள். ஒலிப்பதிவு செய்தவள் இவன் வகுப்புத் தோழி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள், அதனாலேயே சவுண்டு என்று கேலிப்பெயர். சாரத்தின் மேல் ஏறி நின்று, நீளக் கம்பில் மைக்கைப் பிடித்திருந்தாள். காலடியில் பலகை ஆடியது. ஷாட் ஓடும்போது மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது என்று பழகிப்போனவள், கத்தவில்லை. கையை ஆட்டினாள். நடிகனுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது. படத்தை இயக்கிய ரப்பர் மானிட்டரில் அதைப் பார்த்தான். நடிகன் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். இந்த அழுகை இனிக் கிடைக்காது, கொஞ்சம் பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டான். அவள் பொறுத்தாள். பலகை பொறுக்கவில்லை.

அவள் சாவுக்கு வைத்த விசாரணைக் குழு கேட்டபோது இவன் கொடுத்த ஃபுட்டேஜில், கண்ணாடியில் கை இல்லை. ஃப்ரேம் ஃப்ரேமாகத் துடைத்துவிட்டு அசலையும் அழித்திருந்தான். அவளே கவனக்குறைவாக நின்றாள் என்று குழு எழுதியது. அவளுடைய அம்மா துறைத்தலைவர் அறைக்கு வெளியே நின்று, "என் பொண்ணு அப்படி அசட்டையா இருக்கறவ இல்லைங்க" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இவனிடமும் சொன்னார். "ஆமாம்மா" என்று சொல்லி, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தான் பாவி.

இப்போது அந்தக் கூடுதல் ஷாட்டைத் திறந்தான்.

இதே அறை. இவன் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்திருந்தது. நாற்காலி காலி. மேசையில், கொஞ்சம் முன்னால் இவன் கேண்டீனிலிருந்து வாங்கி வந்த டீ, ஓரத்தில் இவன் பல் பட்டு நசுங்கிய அதே காகிதக் கோப்பையில், ஆவி பறக்க இருந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்தான். முதுகுக்குப் பின்னால் சுவர்தான். அங்கே ஒரு கேமரா நிற்க இடமே கிடையாது.

வகுப்புப் பசங்களின் வேலை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு திரும்பினால், ஃபோல்டரில் இன்னொன்று வந்திருந்தது.

அது அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. படிக்க வந்த நாளிலிருந்து இவன் இருப்பது அக்காவோடுதான். நேற்று இரவு அங்கே உட்கார்ந்து ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தது நினைவிருந்தது. ஷாட்டில் நேற்று உடுத்தியிருந்த அதே உடையோடு அக்கா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரே தட்டு. எதிர் நாற்காலி மேசைக்குள் தள்ளி வைத்திருந்தது.

ஃபோனை எடுத்தான்.

"அக்கா, நேத்து ராத்திரி நாம என்ன பேசிட்டு இருந்தோம்?"

"நேத்தா?" அக்கா யோசித்தாள். "நேத்து நான் மட்டும்தானேடா சாப்பிட்டேன். நீ எங்க போயிருந்த?"

"விளையாடாதக்கா."

"நான் ஏன்டா விளையாடறேன். ஆமா, நீ... இரு, ஒரு நிமிஷம். உன் பேரு நாக்கு நுனியில நிக்குது, வரமாட்டேங்குது பாரு." அவள் சங்கடமாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. அடுத்து வந்தது முன்பின் தெரியாதவரிடம் பேசுகிற மரியாதைக் குரல். "சாரிங்க, நீங்க யாரு பேசறது?"

ஃபோனை மேசையில் போட்டான். ஷாட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள் ஏதோ முணுமுணுத்தது. போடக்கூடாது என்று தெரிந்தும் எடுத்துக் காதில் வைத்தான். தட்டில் விரல் படும் ஓசை, ஃபிரிட்ஜின் உறுமல், அதற்கு மேல், மைக்குக்கு வெகு அருகில், படப்பிடிப்பில் தினமும் கேட்ட அந்த அடங்கிய குரல்.

"ப்ளேட் எடுக்கறோம். யாரும் அசையாதீங்க."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். சவுண்டு. அவளேதான். என்ன வேண்டுமாம் அவளுக்கு? உண்மைதானே? சொல்லிவிடலாம். பட்டம் போகட்டும், ஜெயிலுக்கே போகட்டும், தான் ஓர் ஆளாக மிஞ்சினால் போதும். விசாரணைக் குழுவில் இருந்த பேராசிரியரின் எண்ணை அழுத்தினான்.

"சார், நான் ரப்பர் பேசறேன். அந்தக் கடைசி ஷாட்ல அவ கையை ஆட்டினா சார். நான் பார்த்தேன். நான்தான் நிறுத்தல. நான்தான் அதை அழிச்சேன்."

"யாருப்பா நீ?"

"உங்க ஸ்டூடண்ட் சார். அந்தப் படத்தோட டைரக்டர்."

"அது செத்துப்போன பொண்ணு எடுத்த படம்பா. சாயங்காலம் போடறோம், அவங்க அம்மாகூட வர்றாங்க. நீ யாரு? ஹலோ? ஹலோ?" அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ சொன்னார். "லைன்ல ஆளே இல்லை."

இவன் கத்திக்கொண்டிருந்தான். தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். கத்துவது இவன் காதுக்கே கேட்கவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டுமே. அந்த ஆளைத்தான் அவள் முதலில் எடுத்துவிட்டாள்.

கதவு திறந்தது. எடிட்டிங் லேபைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். சாவிக்கொத்தோடு, ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு. ரப்பர் இரண்டு கையையும் ஆட்டினான். முகத்துக்கு நேராக ஆட்டினான். அண்ணனின் பார்வை இவன் நெஞ்சு வழியாகப் போய் ஏசியில் நின்றது.

"ஆளில்லாத ரூமுக்கு ஏசி ஒரு கேடு" என்று அணைத்தார். பிறகு ஃபோனில், "அந்தம்மா வந்தாச்சா? முன்வரிசையில உக்கார வைங்க. பொண்ணு படத்தை நல்லாப் பார்க்கட்டும்."

கதவு மூடியது. வெளியே பூட்டு விழுந்தது.

ஏசி நின்ற அறையில் ஒரு சத்தம் மட்டும் மிச்சம். க்ளிக்.

மேசையில் மவுஸ் தானாக நகர்ந்தது.

மானிட்டரில் இதே அறை. இந்த நொடி. இவன் முதுகு, இவன் கழுத்து. இடது தோளின் மேல், படத்தைத் துடைக்கிற பிரஷ்ஷின் சின்ன வட்டம். தயங்கியது. இறங்கியது.

தோள் போனது. கொதிக்கிற எண்ணெயை ஊற்றியது போல் எரிந்தது.

சுத்தமாகப் போகவில்லை. ஓரம் பிசிறியது. சதையும் நாற்காலியின் நீலமும் குழம்பிக் கிடந்தன. இவன் துடைத்தால் இப்படி இராது. அவள் ஒலிக்காரி. படத்தைத் துடைத்துப் பழக்கமில்லை.

அவளுக்கே பிடிக்கவில்லை போலும், துடைத்ததை ரத்து செய்தாள். அன்டூ. தோள் திரும்ப வந்தது. வலியும் புதிதாக வந்தது.

மறுபடி வட்டம். மறுபடி பிசிறு. அன்டூ.

அவசரமே இல்லை. ஒரு நொடிக்கு இருபத்துநான்கு ஃப்ரேம். இன்னும் முதல் ஃப்ரேம்கூட முடியவில்லை.

ஷாட்டுக்குள் மானிட்டர் கண்ணாடியில் பிரதிபலித்த இவன் முகத்துக்கு வட்டம் நகர்ந்து, வாயருகே வந்தது. பெரிதானது. சிறிதானது. அளவு பார்த்தது. உதடு பாதி போனது. அந்தரத்தில் பல்வரிசை மட்டும், திறந்தபடி. வட்டம் நின்றது. பிடிக்கவில்லை.

க்ளிக்.

உதடு வந்தது. வட்டம் மறுபடி இறங்கியது.