குறுக்கே நிற்பவன்

பாகூர் ஏரியின் மேற்குக் கரையில் கலைவேந்தன் நட்டு வைத்திருந்த டிஷ்ஷின் மீட்டரில், அதுவரை ஆடாமல் நின்ற முள், இலைகூட அசையாத அந்தச் சாயங்காலத்தில் பாதிக்கு இறங்கியது.

மொட்டைமாடியில் கிடந்த டிவி டிஷ்ஷைக் கழற்றி, அமெச்சூர் ரேடியோ தேர்வில் பார்டரில் பாஸ் பண்ணி, "மைக்ரோவேவ்ல பேசப் போறேன்" என்று பெருமையாகச் சொல்லப்போய், "சோறு சூடு பண்ற பொட்டியிலயா?" என்று பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். ஆனாலும் முள்ளின் பாஷை தெரியும். இந்த அலை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் போகும். குறுக்கே ஆள் நின்றால் முள் படுத்துவிடும்.

எதிர்க்கரை மதகின் மேல், செத்துப்போன சிநேகிதன் மாலிக்கின் தங்கை ரிஹானா இருந்தாள். அண்ணன் விட்டுப்போன டிஷ்ஷோடு, ஏரியைத் தாண்டிப் பேச அவன் ஆரம்பித்ததை முடிக்க.

"ரிஹானா, டிஷ்ஷுக்கு முன்னால யார்னா நிக்கிறாங்களா? ஓவர்."

"யாரும் இல்லியேண்ணா. நான் பின்னாலதான் குந்தினு இருக்கேன். எங்க அண்ணன் மாரி குறுக்க வந்து நிக்க நான் இன்னா லூசா? ஓவர்."

சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான்.

மாலிக்குக்கு அந்த வியாதி உண்டு. மைக்கைப் பிடித்தால் நடப்பான். நடந்தால் டிஷ்ஷுக்கு முன்னால்தான் வந்து நிற்பான். மூன்று மாதத்துக்கு முன்பு, அதே மதகில், அன்றும் நின்றான். "நவுருடா எருமை" என்றான் கலைவேந்தன். முள் ஏறியது. "இன்னும்டா." இன்னும் ஏறியது. "இன்னும்." உச்சிக்குப் போனது. கலைவேந்தன் குஷியில் கைதட்டினான். ஒரு நிமிடம் முழுக்கத் தட்டினான். மாலிக் தண்ணீருக்குள் போயிருந்தான்.

கால் வழுக்கிவிட்டது என்றது ஊர். அவனும் அதையே சொன்னான். ரிஹானாவிடமும். இன்றைக்காவது அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தான்.

வெயில் இறங்கி, கரும்புச் சோகை எரிந்த வாடையும் சேற்று வாடையும் ஏரிமேல் ஒன்றாகப் படிய, நாரைகள் ஒவ்வொன்றாகக் கத்துவதை நிறுத்திக்கொள்ள, ஸ்பீக்கரின் இரைச்சல் மட்டும் யாரோ ஈரத்துணியோடு நடப்பதுபோல் சளக் சளக்கென்று கேட்டுக்கொண்டிருந்தது.

முள் சுத்தமாகப் படுத்தது.

"மாலிக்" என்றான், மைக்கை அழுத்தாமலே. "மன்னிச்சிடுடா."

முள் அசையவில்லை. ஆனால் ரிஹானாவின் குரல் பளிச்சென்று வந்தது.

"சரிண்ணா, நவுந்துட்டேன். ஓவர்."

அவன் அவளை நவுரச் சொல்லவே இல்லையே.

"இன்னுமா? எருமைன்னுலாம் திட்டாதண்ணா, நவுர்றேன்."

மைக்கை அழுத்தினான். "நில்லு! ரிஹானா, நவுராத!" முள் பூஜ்யத்தில். எதுவும் போகாது. போன். ஸ்விட்ச் ஆஃப். போனில் பேசினால் அழுகுணி ஆட்டம் என்பது மாலிக் வைத்த சட்டம். அண்ணன் சட்டத்தை அவள் மீறமாட்டாள்.

தொண்டை கிழியக் கத்தினான். நாரைகள்கூடத் திரும்பவில்லை.

"மதகு ஓரம் வந்துட்டேண்ணா. இன்னுமா?"

முள் எழுந்தது. மெல்ல. பாதி. முக்கால்.

உச்சி.

அங்கேயே நின்றது. ஆடாமல். குறுக்கே யாரும் இல்லை.

ஸ்பீக்கருக்குள் கைதட்டல் கேட்டது. குஷியான கைதட்டல். அன்று அவனே தட்டியது.